வண்டி நம்பரை எழுது

கீழ்பென்னாத்தூர்
27.10.2025

அன்பு அண்ணனுக்கு,

வினோதினி எழுதுவது. நானும் அம்மாவும் ஏதோ இருக்கிறோம். உன் இருமல் நின்றதா? அங்கே கொடுக்கும் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே.

கடிதத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். பெரிதாக ஒன்றும் இல்லை. போன வாரம் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அம்மா இடறி விழுந்துவிட்டாள். கணுக்காலில் மாவுக்கட்டு, ஆறு வாரம் நடக்கக் கூடாது. கையிலிருந்த போன் பஸ் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. அந்த சிம் செத்துப்போன அப்பா பெயரில் இருந்ததால் அதே நம்பரைத் திரும்ப வாங்க முடியவில்லை. ஜெயிலில் நீ பேசுவதற்கு எழுதிக் கொடுத்திருந்தது அந்த ஒரு நம்பர்தான். என் நம்பரைச் சேர்க்க மனு கொடுத்திருக்கிறேன், எப்போது ஆகும் என்று தெரியவில்லை. உன்னைக் கம்பிக்குப் பின்னால் நான் பார்க்கக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாய். அதனால் இனிமேல் கடிதம்தான்.

இன்னொரு விஷயம். நீ திட்டுவாய் என்று இரண்டு மாதமாக மறைத்தேன். ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டேன். நீ உள்ளே போனதிலிருந்து பால் கேன் ஏற்றும் குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அதையே எத்தனை நாள் ஓட்டுவது? டிரைவிங் ஸ்கூலில் பதினாலு பேரில் நான் ஒருத்திதான் பெண். டெஸ்ட் அன்று லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது மற்றவர்கள் காம்பவுண்டு சுவர் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். முதல் தடவையிலேயே பாஸ்.

இப்போது இரண்டு வேலை கிடைக்கிற மாதிரி இருக்கிறது. ஒன்று ஒரகடத்தில், கார் பாகங்கள் ஏற்றிப் போகும் கம்பெனி. பெண் டிரைவர்களை எடுக்கிறார்கள். ஓசூர், புனே என்று போக வேண்டும், நாலைந்து நாள் வீட்டுக்கு வர முடியாது. இன்னொன்று இங்கேயே, குவாரியில் ஜல்லி ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோவது. சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். அம்மா இதைத்தான் சொல்கிறாள்.

எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. நீ ஓட்டியவன், நீயே சொல். எதில் சேரட்டும்?

உன் தங்கை
வினோதினி


வேலூர்
5.11.2025

அன்புள்ள வினோ,

உன் கடிதம் வந்தது. எனக்கு உடம்பு பரவாயில்லை. அம்மாவைக் காலை ஊன்ற விடாதே.

லைசென்ஸ் விஷயத்தில் சந்தோஷப்படத்தான் வேண்டும். என்னால் முடியவில்லை. ஸ்டியரிங் என்று எழுத்தில் பார்த்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. ஆனால் நான் வேண்டாம் என்றால் நீ கேட்கப் போவதில்லை. சின்ன வயசிலிருந்தே நீ அப்படித்தான்.

தூரம் வேண்டாம். ஹைவேயில் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் வந்தாலே நம் வண்டி ஆடும். ராஜ்யம் விட்டு ராஜ்யம் போய், பாஷை தெரியாத இடத்தில் டயர் வெடித்தால் யாரைக் கூப்பிடுவாய்? குளிக்க, ஒதுங்க இடம் கிடைக்காது. பக்கத்திலேயே பார். குவாரி வண்டி என்றால் தெரிந்த ரோடு, தெரிந்த ஆட்கள். யார் வண்டி என்று எழுதவில்லையே?

இங்கே எல்லாக் கடிதத்தையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், அனுப்புவார்கள். அதை மனதில் வைத்து எழுது. அப்பீல் பிப்ரவரியில் வரும் என்று வக்கீல் சொல்லி அனுப்பினார்.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

அண்ணன்
முருகவேல்


கீழ்பென்னாத்தூர்
14.11.2025

அன்பு அண்ணனுக்கு,

இங்கே நான்கு நாளாக விடாத மழை. அம்மாவுக்கு மாவுக்கட்டுக்குள்ளே அரிக்கிறது என்று ஒரே புலம்பல். மற்றபடி நலம். நீ போர்த்திக்கொள்ள எதுவும் கொடுக்கிறார்களா?

நீ சொன்னபடி பக்கத்து வேலையைத்தான் பார்க்கிறேன். யார் வண்டி என்று முதலில் எழுதாததற்குக் காரணம், நீ என்ன நினைப்பாயோ என்றுதான். சடையன் ஓனர்தான். நீ வேலை பார்த்த அதே ஓனர். நான் போய்க் கேட்கவில்லை, அவரே வீட்டுக்கு வந்தார். அம்மா காலைப் பார்த்துவிட்டு, "முருகவேலுக்கு நான் செய்ய வேண்டியது ஜாஸ்தி இருக்குதும்மா. பொண்ணு லைசென்ஸ் எடுத்துக்கீதுன்னு கேள்விப்பட்டேன். எங்கிட்டயே வரட்டும்" என்றார். உனக்கு வக்கீல் வைத்ததே அவர்தான் என்று அம்மாவுக்கு அவர்மேல் பெரிய மரியாதை. அழுதுவிட்டாள்.

நேற்று வேட்டவலம் வரை ஓட்டிப் பார்த்தேன், வெறும் வண்டி. நன்றாக இழுக்கிறது, பிரேக்கும் பிடித்த இடத்தில் நிற்கிறது. ஆனால் சீட்டில் உட்கார்ந்ததும் முன்னால் கொஞ்ச தூரத்துக்குத் தரையே தெரிவதில்லை. அங்கே யாராவது நின்றால்? ரோட்டோரம் நடக்கும் ஒவ்வொருவரையும் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன். நீயும் இப்படித்தான் ஓட்டினாயா?

கார்த்திகை தீபம் முடியும்வரை டவுனுக்குள் லாரி விடமாட்டார்கள். அதனால் டிசம்பரில்தான் லோடு.

வினோதினி


வேலூர்
22.11.2025

அன்புள்ள வினோ,

நலம். அங்கும் நலமாக இருக்க வேண்டும்.

சடையனிடம் வேண்டாம். காரணம் கேட்காதே, இப்போது எழுத முடியாது. ஒரகடத்துக்கே போ. புனேதான் என்றாலும் போ. போன கடிதத்தில் எழுதியதை விட்டுவிடு, அது யார் என்று தெரியாமல் எழுதியது.

அவரிடம் மூன்று வண்டி இருந்தது. உனக்குக் கொடுப்பது எது? வண்டி நம்பரை எழுது. உடனே எழுது.

முருகவேல்


கீழ்பென்னாத்தூர்
30.11.2025

அன்பு அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இன்னும் ஒரு வாரத்தில் கட்டுப் பிரிப்பார்கள். தீபத்துக்கு ஊரே நிரம்பிக் கிடக்கிறது. பால் கொண்டுபோகக்கூட சுற்றி வர வேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தூரம் வேண்டாம் என்றாய், இப்போது தூரமே போ என்கிறாய். காரணம் கேட்காதே என்கிறாய். கால் உடைந்த அம்மாவை விட்டுவிட்டு எப்படிப் போவேன்? ஓனரிடம் சரி என்று சொல்லியாகிவிட்டது. நம்பர் எதற்கு? வண்டி புதுசு மாதிரி இருக்கிறது, பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நீ கவலைப்படாதே.

ரேஷன் கடையில் கீதாஞ்சலியைப் பார்த்தேன். உன் வண்டியில் அடிபட்டுச் செத்த எல்லம்மாளின் மகள். நீ அவளைப் பார்த்திருக்க மாட்டாய், உன்னைக் கோர்ட்டில் அவள் பார்த்திருப்பாள். எனக்குப் பின்னால் இரண்டு பேர் தள்ளி நின்றாள். அப்போது ஒரு பொம்பளை, "காதுல போன வெச்சிகினு நடு ரோட்ல போனா இன்னா ஆவும்" என்று பொதுவாகச் சொன்னாள். எல்லம்மாளைத்தான் சொன்னாள். கீதாஞ்சலி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குத்தான் உடம்பு கூசியது.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு அந்த அம்மா திடீரென்று குறுக்கே வந்தது உண்மைதானே? கோர்ட்டில் நீ சொன்னது தெரியும். எனக்கு நீ சொல்ல வேண்டும். அதே ரோட்டில்தான் நானும் ஓட்டப் போகிறேன்.

வினோதினி


வேலூர்
8.12.2025

வினோ,

நலம்தானே?

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. வண்டி நம்பர். நாலு எழுத்து, ஆறு எண். அதை எழுத ஒரு நிமிஷம் ஆகாது. நீ எழுதாமல் விட்டதால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. சாப்பாட்டு வரிசையில் நின்றாலும் அந்தப் பச்சை வண்டிதான் கண் முன்னால் நிற்கிறது.

வெறும் வண்டி எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டு. லோடு மட்டும் ஏற்றாதே. வேறு எதுவும் எழுதக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

முருகவேல்


கீழ்பென்னாத்தூர்
15.12.2025

அன்பு மகன் முருகவேலுக்கு அம்மா கஸ்தூரி எழுதுவது. அண்ணாமலையார் துணையில் நானும் வினோதினியும் சுகம். உன் சுகம் எப்படியோ என்று தினமும் நினைக்கிறேன்.

கட்டுப் பிரித்துவிட்டார்கள். வீட்டுக்குள் நடக்கிறேன். நீ அவளைப் போட்டு நம்பர், நம்பர் என்று கேட்கிறாயாம். அவள் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நான் வாங்கிப் படித்தேன். உனக்கு மனக்கஷ்டம் வரும் என்றுதான் நம்பரைச் சொல்ல வேண்டாம் என்று நானே சொன்னேன். அது நீ ஓட்டின அதே வண்டிதானப்பா. கோர்ட்டிலிருந்து மீட்டு, பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார். நான் ஓனரிடம் கேட்டேன், வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று ஆர்டிஓ இன்ஸ்பெக்டரே எழுதிக் கொடுத்தாராம். பூசணிக்காய் சுற்றி உடைத்தாயிற்று, எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. வண்டி என்ன செய்யும், அந்த நேரம் அப்படி. நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

வருகிற திங்கட்கிழமை 22ஆம் தேதி முதல் லோடு. அவளுக்காக வேண்டிக்கொள்.

அம்மா


வேலூர்
18.12.2025

வினோ,

நலம் விசாரிக்க நேரமில்லை. முதலில் இதைப் படி. அந்த வண்டியில் லோடு ஏற்றாதே.

வெறுமனே ஓட்டினால் அதில் ஒரு கோளாறும் தெரியாது. விபத்துக்குப் பிறகு ஓட்டிப் பார்த்த இன்ஸ்பெக்டருக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. லோடு ஏற்றி இறக்கத்தில் நாலைந்து தடவை பிரேக்கை மிதித்தால் பிரேக் பிடிக்க வைக்கும் காற்று எங்கேயோ கசியும். ஏர் மீட்டர் முள் மளமளவென்று இறங்கும். அப்புறம் பெடல் இருக்கும், பிரேக் இருக்காது.

இது எனக்கு விபத்துக்கு முன்பே தெரியும்.

ஓனரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும், "இந்த ஒரு ட்ரிப் போய்ட்டு வந்துடு, அப்பறம் ஷெட்ல வுட்டுடலாம்" என்றார். டிரைவிங் ஸ்கூல் முடித்து எனக்கும் அதுதான் முதல் வேலை. முதல் வேலையில் முடியாது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. வேறு ஆளைப் போட்டுவிடுவாரோ என்று பயந்தேன். வண்டியைவிட அவருக்குத்தான் அதிகம் பயந்தேன்.

எல்லம்மாள் குறுக்கே வரவில்லை. கையில் போன் இல்லை, தூக்குப் பாத்திரம்தான் இருந்தது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களில் கடைசியாக, ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் நடந்துகொண்டிருந்தார். நான் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தேன். திரும்பிப் பார்த்தார். எனக்கு வழி விட வேண்டும் என்று இன்னும் ஓரமாக ஒதுங்கினார். அவர் ஒதுங்கிய பக்கம்தான் வண்டி போயிற்று.

தெரிந்தே ஓட்டினேன் என்று சொன்னால் கேஸ் பெரிதாகிவிடும், குறுக்கே வந்தார் என்று சொல் என வக்கீல் சொல்லிக் கொடுத்தார். வக்கீலை வைத்தவர் ஓனர். நான் சொன்னேன். செத்தவர் மேலேயே பழி போட்டேன்.

இதையும் இங்கே பிரித்துப் படிப்பார்கள். படிக்கட்டும். அப்பீல் போனால் போகட்டும். நீ ஏறாதே.

முருகவேல்


வேலூர்
30.12.2025

வினோ,

பதில் இல்லை. உன் நம்பர் இன்னும் சேரவில்லை என்கிறார்கள். தினமும் கடிதம் கொடுக்கும் நேரத்தில் போய் நிற்கிறேன். திருவண்ணாமலை பக்கத்து ஆள் ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். 22ஆம் தேதிக்குப் பிறகு அங்கே லாரி விபத்து எதுவும் கேள்விப்பட்டீர்களா என்று அவரிடம் கேட்டேன். தெரியாது என்றார். தெரியாது என்றால் இல்லை என்று அர்த்தமா?

பழைய பேப்பர் கிடைத்தால் எடுத்துப் படிக்கிறேன். பக்கத்தைத் திருப்பவே கை வருவதில்லை.

நீ எழுத வேண்டாம். அம்மாவை ஒரு வரி எழுதச் சொல்.

முருகவேல்


கீழ்பென்னாத்தூர்
5.1.2026

அண்ணா,

உயிரோடு இருக்கிறேன். அம்மாவும் நலம். பதில் எழுதாமல் உன்னைத் தவிக்க விட்டது தெரிந்துதான் செய்தேன். ஏன் என்று கேள்.

உன் கடிதம் 24ஆம் தேதிதான் வந்தது. 22ஆம் தேதி காலையிலேயே நான் லோடு ஏற்றிவிட்டேன்.

குவாரியிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கும் வழியில் முதல் வளைவு, இரண்டாவது வளைவு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் முள் இறங்க ஆரம்பித்தது. பஸர் கத்தியது. மிதித்தேன், கால் சும்மா உள்ளே போய் வந்தது. கீழே ரோட்டில் ஸ்கூல் வேன் ஒன்று நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அதன் மஞ்சள் நிறம் மட்டும்தான் தெரிந்தது. கத்தினேன் என்று நினைக்கிறேன். கியரைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன், பல்சக்கரம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். இடது பக்கம் யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணல் குவியல் தெரிந்தது. அதில் ஏற்றினேன். வண்டி சாய்ந்து, சாய்ந்து, நின்றது. வேன் போன பிறகும் ரொம்ப நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஓனர் வந்தார். பிரேக் இல்லை என்றேன். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அலுப்போடு சொன்னார்: "ஒங்கண்ணனும் இப்பிடித்தான் எப்பப் பாத்தாலும் பிரேக்கு, பிரேக்குன்னுவான். ஓட்டத் தெரிஞ்சவனுக்கு ஓடுது."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உனக்குத் தெரியும் என்று.

சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தேன். அந்த இரண்டு நாள் உன்னை வெறுத்தேன் அண்ணா. வேலூருக்கு ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். தன் தங்கை ஏறப்போகிறாள் என்று தெரிந்தும் நம்பர், நம்பர் என்று கேட்டவன், அந்த ஒரு வரியை நவம்பரிலேயே எழுதியிருக்கலாமே? உன் அப்பீலுக்காக என்னை ஏற விட்டாயா?

24ஆம் தேதி உன் கடிதம் வந்தது. அதை வாசித்த பிறகும் கோபம் போகவில்லை. ஆனால் அவர் வாயால் தெரிந்துகொண்டதை நீயே சொல்லிவிட்டாய். நீ சொல்லாமலே இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியவில்லை. கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் ஓனர் வந்து, வேறு வண்டி தருகிறேன் என்றார். அம்மா, "எம்பொண்ணு உசுரோட வந்தா. அது போதும், நீ போப்பா" என்றாள். அவ்வளவுதான்.

வண்டி பழையபடி ஓடுகிறது. வேறு ஆள் ஓட்டுகிறார். அவரிடம் சொன்னேன், சிரித்தார்.

உன் கடிதம் என்னிடம் இருக்கிறது. அதை என்ன செய்யட்டும்?

வினோதினி


வேலூர்
17.1.2026

அன்புள்ள வினோ,

பொங்கலுக்கு முந்தின நாள் உன் கடிதம் வந்தது. ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். என்ன என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டார்கள். தங்கை நலம் என்றேன்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், அப்பீலுக்காகத்தான். நீ எப்படியாவது ஒதுங்கிவிடுவாய், நான் எதுவும் சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். அன்றைக்கும் அப்படி நினைத்துத்தான் அந்த இறக்கத்தில் இறங்கினேன்.

கடிதத்தைக் கீதாஞ்சலியிடம் கொடுத்துவிடு. ஓனர் வைத்த வக்கீல் வேண்டாம் என்று இங்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். இலவசச் சட்ட உதவியிலிருந்து ஒரு வக்கீல் அம்மா வந்தார். நடந்ததை அப்படியே சொன்னேன். தண்டனை கூடலாம் என்றார். சரி என்றேன். சரி என்று சொன்ன பிறகும் பயமாகத்தான் இருக்கிறது. வெளியே வர எவ்வளவு நாள் ஆகும் என்று இப்போது எனக்கே தெரியாது.

அம்மா என்னோடு பேசுவாளா என்று கேட்டு எழுது.

முருகவேல்


ஒரகடம்
8.2.2026

அன்பு அண்ணனுக்கு,

நான் நலம். அம்மா இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாள். அடுத்த வாரம் உன்னைப் பார்க்க வருவாள். என்ன பேசுவாள் என்று தெரியாது, ஆனால் வருவாள். இருமல் திரும்ப வந்திருப்பதாக எழுதிய உன் கார்டும் கிடைத்தது. டாக்டரிடம் காட்டு.

ஒரகடத்தில் சேர்ந்துவிட்டேன். அதற்கு முன் செய்யாற்றில் ஒரு இடத்திலும் பார்த்தேன். இரண்டு இடத்திலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: பிரேக் சரியில்லை என்று நான் சொன்னால் வண்டி நிற்குமா? செய்யாற்றில், வேலைக்குச் சேர்வதற்கு முன்பே இப்படியா என்று சிரித்தார்கள். இங்கே டிரைவர்களை எடுக்கும் பத்மஜா மேடம் சிரிக்கவில்லை. ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். முந்தின நாள் ஒரு டிரைவர் அதில் கோளாறை எழுதிக் கையெழுத்துப் போட்டு நிறுத்திய வண்டி இன்னும் ஷெட்டில் நின்றது. போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் சேர்ந்தேன். நாளைக்கு ஓசூருக்கு முதல் லோடு. கூட ஒரு சீனியர் அக்கா வருகிறார். இறக்கம் என்று நினைத்தாலே வலது கால் தானாக மிதிக்கிறது.

கிளம்புவதற்கு முன் கீதாஞ்சலி வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று தெரிந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். வாசலிலேயே நின்று கடிதத்தைக் கொடுத்தேன். கீதாஞ்சலி நின்றபடியே படித்தாள். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் படித்தாள். பிறகு என்னிடமே நீட்டினாள்.

"இத நீங்க சத்தமா படிங்க. எங்கப்பாவுக்குக் கேக்கணும்" என்றாள்.

படித்தேன். நிறுத்தி நிறுத்திப் படித்தேன். முடித்த பிறகு அவர் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்போ, அவ ஓரமாத்தான் போனாளா?"

"ஓரமாத்தான் போனாங்க."

"நான் அவளத்தான் திட்டிகினு இருந்தேன். பாத்துப் போவத் தெரியாதவன்னு. இத்தினி நாளா" என்றார்.

போன திங்கட்கிழமை மனு நாளில் நானும் கீதாஞ்சலியும் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். வண்டியை லோடோடு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது வளைவுக்கு மேல் அவர்களே போகவில்லை. வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நான் சொல்லியும் சிரித்த அந்த டிரைவர், அன்றைக்கு வண்டிச் சாவியைத் தானே எடுத்து அதிகாரியிடம் கொடுத்தார்.

கடிதத்தின் நகல் கீதாஞ்சலியிடம் இருக்கிறது. புது வக்கீல் அம்மாவிடம் அவளே கொடுப்பதாகச் சொன்னாள். பஸ் ஏறும்போது ஒன்று கேட்டாள். உங்கண்ணன் எப்போது வெளியே வந்தாலும் சரி, ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து இதை அப்பா எதிரில் அவர் வாயால் சொல்லுவாரா என்று.

உன்னைக் கேட்காமலே, வருவான் என்று சொல்லிவிட்டேன்.

உன் தங்கை
வினோதினி